ஆப்பும் கயிறும் அறிவே

நம் மொழியில் எழுத்துக்கும் நெசவுக்கும் உள்ள உறவு பழையது. பஞ்சிலிருந்து திரிப்பதும் நூல். புலவர் இயற்றுவதும் நூல். தறியில் நீள்வது பாவு. யாப்பில் அமைவது பா. நன்னூலின் பாயிரம் நூல் நூற்கும் செயலையும் நூல் இயற்றும் செயலையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டுகிறது. இலக்கிய மேடைகளில் இவ்வொப்புமையைச் சொல்லிக் கைதட்டு வாங்காத பேச்சாளர் அரியர். ஆனால் இத்தனை சொற்களைத் தறியோடு பகிர்ந்துகொண்ட நாம், அத்தறி எவ்வாறு நிற்கிறது, அதன்மேல் என்னென்ன பூட்டப்பட்டுள்ளன, பூட்டியவை ஏன் கழன்று விழாமல் இருக்கின்றன என்று ஒருமுறையேனும் கேட்டதுண்டா?

காஞ்சிபுரம் என்றதும் நம் பேச்சு சேலைக்குத் தாவிவிடுகிறது. கரையின் அகலம், ஜரிகையின் எடை, முந்தியின் வேலைப்பாடு, கோபுரக் கரை, மயில்கண், உருத்திராக்கம்... இவற்றைப் பற்றி எழுதிக் குவித்துவிட்டோம். சேலையைத் தந்த தறியைப் பற்றி, அதிலும் தறியின்மேல் நெசவாளர் தம் கையாலேயே பொருத்தியும் திருத்தியும் வைத்திருக்கும் துணைக்கருவிகளைப் பற்றி, நம் எழுத்தில் அநேகமாக ஒன்றுமே இல்லை. இக்கட்டுரை அத்துணைக்கருவிகளைப் பற்றியது. அவற்றைப் பொருத்தும் கைவேலை ஓர் அறிவுத்துறை என்பதும், அதற்குரிய உரிமையும் மதிப்பும் நெசவாளருக்கே சேர வேண்டும் என்பதும் நம் கருத்து.

முதலில் தறியை அறிமுகம் செய்துகொள்வோம். குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிகளை மிதிக்கிறார். மிதிக்கும்போது விழுதுகள் ஏறி இறங்க, பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது. அவ்வாயின் ஊடே நாடா ஓடி ஊடையைப் போடுகிறது. அச்சு அவ்வூடையை அடித்து நெருக்குகிறது. அடிப்படைத் தறி இவ்வளவே. பூவும் புட்டாவும் மயிலும் யாளியும் வேண்டுமானால் இது போதாது. எந்த இழை எப்போது எழ வேண்டும் என்பதைத் தனியே ஆளும் ஓர் ஏற்பாடு தறிக்கு மேலே வேண்டும். பழங்காலத்தில் அவ்வேலையை 'அடை' என்னும் நூற்கட்டு செய்தது. இன்ன வரிசையில் இன்ன இழைகள் என்று முடிச்சுகளிலேயே வடிவத்தை எழுதிவைக்கும் முறை அது. பின்னர் வந்தது ஜக்கார்டு பெட்டி. பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் செம்மைப்படுத்திய அமைப்பின் வழித்தோன்றல். துளையிட்ட அட்டைகளின் சங்கிலி ஒன்று சுழல, துளை உள்ள இடத்து ஊசி தன் இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் அசையாது.

இப்பெட்டி தறியின் பிறவி உறுப்பு அன்று. பிறகு கொணர்ந்து ஏற்றுவது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பெட்டியைச் செய்தது எங்கோ ஒரு பட்டறை. தறியைச் செய்தவர் உள்ளூர்த் தச்சர். தறி நிற்கும் வீடு பாட்டன் காலத்தது. அதன் கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் இடம். மூன்றும் ஒன்றையொன்று அறியா. பெட்டியின் அடியில் உள்ள துளைக்கும் தறிச்சட்டத்தின் அகலத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று எவரும் விதித்ததில்லை. பொருந்தாத மூன்றையும் பொருந்தச் செய்பவர் நெசவாளர். பெரும்பாலும் உளி, கயிறு, ஆப்பு, சில மரைகள் ஆகியவையே அவர் கைவசம் உள்ள கருவிகள்.

எதிர்பாராத ஓரிடத்திலிருந்து ஓர் ஒப்புமை. துப்பாக்கியின்மேல் குறிநோக்கியும் கைவிளக்கும் பொருத்துவதில் இதே சிக்கல் இருந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பிடிமானம் செய்தது. ஒன்றுக்குச் செய்தது மற்றொன்றில் அமராது. அமெரிக்க இராணுவம் 1995-இல் அதற்கு ஒரு பொது அளவை விதித்தது. நியூஜெர்சியின் பிக்காட்டின்னி படைக்கலச் சாலையின் பெயரால் வழங்கும் அந்தத் தண்டவாளப் பட்டையில் பள்ளங்களின் அகலமும் இடைவெளியும் வரையறுக்கப்பட்டன. நேட்டோ நாடுகள் 2009-இல் அதையொட்டித் தமக்கென ஒரு தரத்தை வகுத்துக்கொண்டன. இன்று எவர் செய்த குறிநோக்கியும் அப்பட்டை உள்ள எவர் செய்த துப்பாக்கியிலும் அமர்கிறது. கொல்லும் கருவிக்கு வாய்த்த அந்த அக்கறை நெய்யும் கருவிக்கு வாய்க்கவில்லை. அது வாய்க்காத இடத்தை இத்தனை தலைமுறையாக நிரப்பிவருவது நெசவாளரின் கையறிவு.

அக்கையறிவு எத்தகையது? சற்று நெருங்கிப் பார்ப்போம்.

ஜக்கார்டு பெட்டியிலிருந்து நூற்றுக்கணக்கான கயிறுகள் துளைப்பலகை ஒன்றின் வழியே இறங்குகின்றன. ஒவ்வொரு கயிற்றிலும் இழை நுழையும் கண் ஒன்றும், கயிற்றை நேராக இழுத்துப் பிடிக்கும் சிறு எடை ஒன்றும் உண்டு. பெட்டி ஒரு பக்கம் விரலளவு சாய்ந்தாலும் போதும். அப்பக்கத்துக் கயிறுகள் தளரும், மறுபக்கத்தவை இறுகும். பாவு சமமாகத் திறவாது. பாதி எழுந்த இழையில் நாடா மோதும். இழை அறும், அல்லது மயிலின் கழுத்தில் ஒரு கோடு தவறும். பட்டில் அத்தவறு மறையாது. சேலையைக் கொடுக்கும்போது கூலியில் கழியும். ஆகவே பெட்டியை அசையாமல் நிறுத்துவது அழகுக்காகச் செய்யும் வேலை அன்று. அடுத்த வேளைச் சோற்றைக் காப்பது.

அசையாமல் நிறுத்துவதோ எளிதன்று. ஒவ்வொரு மிதிக்கும் பெட்டி ஒருமுறை துள்ளுகிறது. ஒரு சேலைக்குள் அது பல்லாயிரம் துள்ளல். மரத்தில் அறைந்த ஆணி இத்துள்ளலில் தன் துளையைத் தானே பெரிதாக்கிக்கொண்டு தளர்ந்துவிடும். மர ஆப்பு அப்படியன்று. தளர்ந்தால் ஒரு தட்டில் மீண்டும் இறுகும். ஈரக்காற்றில் மரம் ஊறிப் பருத்து ஆப்பு தானே இறுகும். சித்திரை வெயிலில் சுருங்கும்போது மறுபடி தட்ட வேண்டும். திருகாணி போட்ட இடத்தில் ஒரு மரைமேல் இன்னொரு மரையை இறுக்கிப் பூட்டினால் முதல் மரை கழலாது. குறுக்குச் சட்டத்தைக் கூரை உத்தரத்தோடு கட்டினால் பெட்டியின் துள்ளல் கூரைக்கு ஏறி ஓடு நகரும். தரையிலிருந்தே தனிக்கால் கொடுத்து நிறுத்தினால் வீடு தப்பும், ஆனால் குழியைச் சுற்றிய இடம் குறையும். எதை விட்டு எதைக் கொள்வது என்பது ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே எடுக்க வேண்டிய முடிவு.

மழைக்காலத்துக் கணக்கு வேறு. பருத்திக் கயிறு ஈரம் பட்டால் நீளத்தில் குறுகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் காஞ்சியின் குழித்தறிகளில் ஈரம் ஏறும்போது, கோடையில் சரியாக அளந்து கட்டிய கயிறு சரியாக இராது. காகித அட்டைகளும் ஊறிப் பருத்து ஊசியோடு மல்லுக்கு நிற்கும். இதை அறிந்தவர் கயிற்றில் தளர்த்தவும் இறுக்கவும் இடம் விட்டே முடிச்சிடுவார். பாவின் மறுமுனைக் கயிற்றைக் கம்பத்தைச் சுற்றிக் கொணர்ந்து, எழுந்திராமலேயே கைக்கு எட்டும் இடத்தில் முளையில் கட்டிக்கொள்வதும் இவ்வகை அறிவே. மிதித்த மிதியை மேலே இழுத்துத் தரப் பழைய சைக்கிள் டியூப்பைக் கீறிக் கட்டிய தறிகளும் உண்டு. பார்ப்பவருக்கு அது ஏழ்மையின் அடையாளம். வில்லின் விசையை இலவசமாகப் பெற்ற ஒருவரின் கூர்மையை அதில் காண நமக்குக் கண் பழகவில்லை.

கண் பழகாததற்கு நம் இலக்கியமும் ஒரு காரணம். தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் வெளிவந்து கைத்தறியாளரின் துயரைத் தமிழ் நாவலின் நடுவே நிறுத்தியது. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' திரைப்படம் பட்டு நெய்பவர் தம் மகளுக்குப் பட்டுடுத்த இயலாத அவலத்தைச் சொல்லி 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதை வென்றது. இரண்டும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்த படைப்புகள்; அவற்றில் குறைகாண்பது நம் நோக்கமன்று. ஆனால் இவற்றைப் போற்றிய நாம் நெசவாளரைப் பசித்த வயிறாகவே நினைவில் பதித்துக்கொண்டோம். சிந்திக்கும் தலையாகப் பதித்துக்கொள்ளவில்லை. இரக்கம் காட்டப்படுபவரிடம் எவரும் ஆலோசனை கேட்பதில்லை. அரசின் திட்டங்கள் நெசவாளரிடம் கேளாமலே வகுக்கப்படுவதற்கும் நம் இரக்கத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது.

துணைக்கருவிகள் ஏன் இன்று உயிர்ப்பிரச்சினை ஆயின என்பதற்கு வருவோம். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் உள்ளது. உடலும் கரையும் வெவ்வேறு நிறம். இரண்டையும் தனித்தனி ஊடையால் நெய்து, சேருமிடத்தில் ஒன்றோடொன்று பிணைப்பர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு. நெசவாளர் ஒருவர் கைக்கு மறுகரை எட்டாது. ஆகவே தறியின் மறுபுறம் இன்னொருவர் உட்கார வேண்டும். இங்கிலாந்தில் ஜான் கே 1733-இல் கண்ட விசைநாடா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் போன்றோரின் முயற்சியால் பரவியது. பருத்தித் தறிகள் பலவற்றை மாற்றிய அது கோர்வைத் தறியின் முன் தயங்கி நின்றது. ஒரே விசையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடும் நாடாவுக்கு நடுவழியில் நிறம் மாற்றத் தெரியாது.

மறுபுறம் உட்கார்ந்த அந்த இன்னொருவர் யார்? மனைவி, பல வீடுகளில் பிள்ளை. முன்பணம் வாங்கிய கடனுக்காகப் பிறர் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளும் உண்டு. இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறாரைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பிள்ளைகள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றார்கள். அதைவிட நல்ல செய்தி அத்தெருக்களுக்கு வேறில்லை. எனினும் அதன் விளைவாகத் தறியின் மறுபுறம் காலியானது. கூலிக்கு ஆள் வைத்தால் நெசவாளரின் வருமானத்தில் பங்கு போகிறது. வைக்காவிட்டால் கோர்வையைக் கைவிட்டு, ஒரே நாடாவில் ஓடும் சேலைக்கு இறங்க வேண்டும். மூன்று நாடாக்களையும் ஒருவரே இயக்க வழி செய்யும் பெட்டிகளை அச்சுச் சட்டத்தில் பொருத்திப் பார்க்கும் முயற்சிகளைச் சோம்பலென்றும் மரபுமீறலென்றும் ஏசுவோர் இதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். பிள்ளையை மீண்டும் குழியில் இறக்காமல் கோர்வையைக் காக்கக் கிடைத்த வழி அது.

உள்ளிருந்து பிறக்கும் கருவி எப்படிப்பட்டது என்பதற்கு அண்டை மாநிலத்தில் சான்றுண்டு. தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம், போச்சம்பள்ளிச் சேலைக்கு நூலை முளைகளில் சுற்றும் 'ஆசு' வேலையால் தம் தாயின் தோள் நைந்ததைக் கண்டவர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முறை கை போய்வரும் வேலை அது. பொறியியல் பட்டம் ஏதுமின்றி, பல ஆண்டுகள் முயன்று, 1999-இல் அதற்கொரு பொறியைச் செய்து முடித்துத் தாயின் பெயரால் இலட்சுமி ஆசு எனப் பெயரிட்டார். 2017-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அப்பொறி நெசவைத் தொடவில்லை. நெசவுக்கு முன் இருந்த வலியை மட்டும் எடுத்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வலியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவருக்கே அந்த எல்லை துல்லியமாகத் தெரியும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை முதலிய சில துணிவகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. 1993-இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லுமென்றது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த வகைகள் 1996-இல் 11 ஆகச் சுருங்கின. கைத்தறி என்றால் என்ன? விசைத்தறி அல்லாத எத்தறியும் கைத்தறி என்கிறது சட்டம். விசைத்தறி என்பது மின்விசை முதலியவற்றால் இயங்குவது. கேட்பதற்கு எளிமைதான். ஆனால் பெட்டியைத் தூக்க மட்டும் சிறு மோட்டார் பூட்டி, நாடாவைக் கையாலேயே எறிந்து, அச்சைக் கையாலேயே அடிக்கும் தறி எதில் சேரும்? சட்டத்தின் சொற்களில் இதற்கு நேர்விடை இல்லை. நடுவணரசே 2016-இல் கொண்டுவந்த திட்டத்தின் கீழ், கருவியின் விலையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் தான் ஏற்று, மோட்டார் பூட்டிய ஜக்கார்டையும் நெசவாளருக்கு வழங்குகிறது. ஒரு கை வரையறுத்ததை மறு கை வழங்குகிறது. இடையில் நிற்பவர் நெசவாளர்.

2012, 2013 ஆண்டுகளில் அவ்வரையறையையே மாற்றும் கருத்தொன்று எழுந்தது. நெசவின் ஏதேனும் ஒரு செயலில் மனித உழைப்பு இருந்தால் போதும், அதுவும் கைத்தறியே என்பது அதன் சாரம். நெசவாளர் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு வந்தது, வந்ததும் நியாயமே. பொத்தானை அழுத்துவதும் மனிதக் கைதான்! அத்தகைய வரையறை வந்திருந்தால் விசைத்தறிகள் எல்லாம் ஓரிரவில் கைத்தறி என்னும் பெயரைச் சூடிக்கொண்டிருக்கும். 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டு பெற்ற புவிசார் குறியீடும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையும் வெறும் ஒட்டுச்சீட்டாகியிருக்கும்.

அப்படியானால் எந்தத் துணைக்கருவியும் கூடாது, பழைய தறி பழையபடியே நிற்கட்டும் என்போர் சொல்வது சரியா? அவர்களின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. இன்று பெட்டிக்கு மோட்டார், நாளை நாடாவுக்கு மோட்டார், மறுநாள் நெசவாளரே வேண்டாம் என்று படிப்படியாக நழுவும் வழி உண்மையிலேயே உள்ளது. ஆனால் அவர்கள் காக்க நினைக்கும் 'பழைய தறி' என்றைக்கும் இருந்ததில்லை. ஜக்கார்டு பெட்டியே வந்தேறிதான். சோழர்காலக் கல்வெட்டுகளில் 'அச்சுத்தறி' என்றொரு சொல் வருவதைச் சுட்டி, வடிவநெசவுக்கான ஏற்பாடு அன்றே இருந்தது என்று கருதினார் வரலாற்றறிஞர் விஜயா ராமசாமி. தறியின் மேல் ஏதேனும் ஒன்றைப் பூட்டிக்கொண்டே வந்ததுதான் இத்தொழிலின் மரபு.

எல்லையை எங்கே வகுப்பது? நம் துணிபு இது: பாரத்தைத் தூக்குவது வேறு, துணியை ஆக்குவது வேறு. பெட்டியை உயர்த்துவது, பாவைச் சுற்றுவது, தார் சுற்றுவது ஆகியவை உடலை நைக்கும் பாரங்கள். அவற்றுக்கு எவ்வுதவியும் வரலாம். நாடாவை எறிவதும், கரையையும் உடலையும் கோர்ப்பதும், அச்சை அடிப்பதும் துணியை ஆக்கும் செயல்கள். எவ்வளவு அழுத்தம், எந்த இடத்தில் நிறுத்தம் என்று ஒவ்வோர் ஊடையிலும் கை முடிவெடுக்கிறது. அம்முடிவு கையிலேயே இருக்கும் வரை அது கைத்தறி. மூன்று நாடாவையும் ஒருவர் இயக்கும் பெட்டியும் கையால் இயங்கும் வரை இவ்வெல்லைக்குள் அடங்கும். சட்டம் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டால் போலியும் தப்பாது, நெசவாளரும் அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, கருவியை மட்டும் கொடுத்தால் போதாது. பொருத்தும் செலவும் சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டும். பெட்டிக்குத் தொண்ணூறு விழுக்காடு உதவி; அதை நிறுத்தத் தேவையான சட்டத்துக்கும், உயர்த்த வேண்டிய கூரைக்கும், தச்சர் கூலிக்கும் யார் பொறுப்பு? மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழக அரசு கைத்தறியாளருக்கு இரு மாதங்களுக்கு 200 அலகாக இருந்த இலவச மின்சாரத்தை 2023-இல் 300 ஆக உயர்த்தியது. நல்லது. ஆனால் ஈரக் குழியில் வெறுங்காலோடு அமர்பவர் தலைக்கு மேல் மோட்டார் சுழல்கிறது என்பதை எவரும் மறக்கக்கூடாது. நிலத்தொடுப்பும், கசிவு கண்டால் துண்டிக்கும் கருவியும், குழியை அணுகாத கம்பிவழியும் இன்றி ஒரு மோட்டாரும் ஒரு வீட்டுக்கும் செல்லலாகாது. ஆப்பு கழன்றால் சேலைதான் கெடும். கம்பி கழன்றால் உயிர் போகும். வீட்டுக் கைவேலைக்கு நாம் பாடும் புகழ் மின்கம்பியின் வாசலோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது வேண்டுகோள் நம்மைப் போன்ற இலக்கிய அன்பர்களுக்கு. இவ்வறிவு எழுதப்படவில்லை. மழைக்குக் கயிற்றில் எவ்வளவு இடம் விடுவது, எந்த மரத்தில் ஆப்புச் சீவுவது, புதுப்பாவை அச்சில் பிணைக்கும்போது எதைத் தளர்த்துவது என்பனவெல்லாம் வாய்வழியாக வந்தவை; பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போகும் இக்காலத்தில் கேட்க ஆளின்றி அவை போய்க்கொண்டிருக்கின்றன. 2019-20-இன் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 இலட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தலைகளை எண்ணினோம், தலைக்குள் இருப்பதை யார் எழுதுவது? அகராதியில் சேராத சொற்கள் பிள்ளையார்பாளையத்தில் எத்தனை என்று ஒருவர் ஒரு மாதம் அமர்ந்து குறித்தாலே ஒரு நல்ல நூலாகும். பழஞ்சுவடி தேடிச் சென்றோரைக் கொண்டாடும் நாம், உயிரோடு இருக்கும் சுவடிகளைத் தேடிச் செல்லத் தயங்குவானேன்?

உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. பத்தாம் நூற்றாண்டில் கச்சிப்பேட்டின் கோயிலுக்குரிய செல்வத்தையும் கணக்கையும் மேற்பார்க்கும் பொறுப்பை அந்நகரின் நெசவாளர் குடியிருப்புகளைச் சேர்ந்தோரிடம் ஒப்படைத்த செய்தி அதில் உண்டு. கடவுளின் கணக்கையே நம்பி ஒப்படைக்கத் தக்கவர்கள் என்று இந்நகரம் அன்று அவர்களை மதித்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, தம் தறியில் எதைப் பூட்டலாம், எதைப் பூட்டலாகாது என்று முடிவுசெய்யும் பேரவைகளில் அவர்களுக்கு முதல் இருக்கை தர நாம் தயங்குகிறோம். அடுத்த முறை கைத்தறியின் வரையறையைத் திருத்த எவரேனும் கூடினால், அக்கூட்டம் தில்லியில் தொடங்க வேண்டியதில்லை. பெட்டி துள்ளும் ஒரு தறியின் அருகே, தரையில் அமர்ந்து தொடங்கட்டும்.